வாசலில் 4 டிகிரி: சைக்கிளை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது. மூணாறில் எஸ்டேட் ஆபீஸில் வேலை. போன வருடம் சர்க்கரை இருப்பது தெரிந்தது. மாத்திரையோடு உடற்பயிற்சியும் வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் கியர் சைக்கிள் வாங்கினேன். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, தேவிகுளம் வரை ஏறி, ஏழு மணிக்குள் திரும்பிவிடுவேன். எட்டு மாதத்தில் 7 கிலோ குறைந்திருக்கிறது. இப்போது ஜனவரி. வாசலில் மாட்டியிருக்கும் வெப்பமானி சில நாள் 4 டிகிரி காட்டுகிறது. இறங்கும்போது விரல் மரத்துப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் 14 வயது மகளும் கூட வருகிறாள். வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் இருமுகிறாள். "இந்தத் தணுப்பில் போனால் நெஞ்சில் சளி கட்டத்தான் செய்யும்" என்று என் மனைவி தடுக்கிறார். எத்தனை டிகிரிக்குக் கீழே போனால் சைக்கிளை எடுக்கக் கூடாது? சுற்றி வளைக்காமல் ஒரு எண் சொல்லுங்கள் டாக்டர்.

பதில்: எண்ணையே முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வாசலில் 5 டிகிரிக்குக் கீழே காட்டினால் அந்த வேளையில் கிளம்பாதீர்கள். 5 முதல் 10 வரை என்றால், நல்ல கையுறையும் காற்றுப் புகாத மேல்சட்டையும் இருந்தால் போகலாம். 10க்கு மேல் என்றால் தாராளமாகப் போங்கள். இது உங்கள் வயது, உங்கள் சர்க்கரை, நீங்கள் போகும் பாதை எல்லாவற்றையும் மனதில் வைத்துச் சொல்லும் எண். பக்கத்து லயத்து வீட்டில் இருக்கும் இருபது வயதுப் பையனுக்கு இது பொருந்தாது. உங்கள் மகளுக்கும் பொருந்தாது, அவளைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

எண்ணைச் சொல்லிவிட்டேன் என்றாலும், அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் பயனில்லை. பின்லாந்தில் ஊலு என்று ஒரு நகரம் இருக்கிறது. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே. மைனஸ் 20 டிகிரியிலும் அங்கே பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிய முதல் உலக மாநாடு 2013ல் நடந்ததும் அங்கேதான். அந்தப் பிள்ளைகள் மைனஸ் 20ல் போகும்போது, மூணாறில் 4 டிகிரிக்கு நான் ஏன் தடுக்கிறேன்? ஊலு தட்டையான ஊர். அங்கே மிதித்துக்கொண்டே போகிறார்கள், மிதித்துக்கொண்டே வருகிறார்கள். நீங்கள் மலை ஏறி, வியர்த்து, பிறகு மிதிக்காமல் இறங்குகிறீர்கள். உங்கள் பிரச்சினை முழுக்க அந்த இறக்கத்தில் இருக்கிறது.

மிதிக்கும்போது நம் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். அதனால்தான் தேவிகுளம் ஏற்றத்தில் 4 டிகிரியிலும் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றுகிறது. மேலே போய்த் திரும்பியதும் கால் நிற்கிறது, அடுப்பு அணைகிறது. அதே நேரம் எதிர்க்காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் அடிக்கிறது. அன்று ஒரு இலைகூட அசையாமல் இருந்தாலும் அந்தக் காற்று உங்களுக்கு உண்டு, ஏனென்றால் அதை உண்டாக்குவது நீங்கள்தான். காற்று சேர்ந்தால் குளிர் எவ்வளவு கூடும் என்பதற்கு அமெரிக்காவும் கனடாவும் 2001ல் ஒரு கணக்கை ஏற்றுக்கொண்டன. அதன்படி 4 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகம் என்றால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 1 போல இருக்கும். 40ல் இறங்கினால் மைனஸ் 2.

இதைப் படித்துவிட்டு விரல் உறைந்து அழுகிவிடும் என்று பயப்பட வேண்டாம். காற்றின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேலே இருக்கும்வரை, எவ்வளவு வேகமாகப் போனாலும் தோல் உறையாது. காற்று சூட்டை வேகமாக எடுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். பனிநாட்டு மருத்துவப் புத்தகங்களில் வரும் கறுத்த விரல்களை மூணாறில் நான் பார்த்ததில்லை. இங்கே பார்த்தது வேறு: மரத்துப்போன விரலால் பிரேக் பிடிக்க முடியாமல் விழுந்தவர்கள்.

அவர்களில் நானும் ஒருவன். தேவிகுளம் பக்கம் வேலை பார்த்த காலத்தில் ஒரு ஜனவரிக் காலை, கையுறை இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தேன். அன்று 6 டிகிரி. மூன்றாவது வளைவில் பிரேக்கை அழுத்தினேன். அழுத்தியதாக மூளைக்குத் தெரிகிறது, ஆனால் விரல் மடங்கவில்லை. வலி இல்லை, குளிர்கூடத் தெரியவில்லை. வண்டி நேராகப் போய்த் தேயிலைச் செடிக்குள் விழுந்தது. வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஆறு வாரம் கட்டு. எதிரே ஜீப் ஏதும் வரவில்லை என்பதை இன்றும் நினைத்துக்கொள்வேன். தண்ணீர்கூட உறையாத குளிர் அது. விரலின் தோல் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே நுணுக்கமாக அசைக்கும் திறன் குறையத் தொடங்கிவிடும். இன்னும் இறங்கினால் தொடு உணர்ச்சியும் போய்விடும். விரல் மரக்கிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரிதான் உங்கள் கடிதத்தில் என்னை உடனே பதில் எழுத வைத்தது.

ஆகவே வெப்பமானியைவிட நம்பகமான ஒரு சோதனை சொல்கிறேன். தேவிகுளத்தில் திரும்பும் முன் நின்று, கையுறையைக் கழற்றி, கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொடுங்கள். இரண்டு கையிலும். சுலபமாகத் தொட முடிந்தால் இறங்கலாம். தடுமாறினால் அக்குளுக்குள் கையை வைத்துச் சூடாக்குங்கள், டீக்கடை திறந்திருந்தால் ஒரு கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அப்போதும் சரியாகவில்லையா? சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து இறங்குங்கள். நடந்தால் உடம்பு மறுபடி சூடாகும். இறங்கும்போது நடுவிலும் ஒருமுறை நின்று இதைச் செய்து பாருங்கள்.

இன்னும் நல்ல வழி, பாதையையே திருப்பிப் போடுவது. தேவிகுளத்துக்கு ஏறி இறங்குவதற்குப் பதிலாக, கீழே இருக்கும் பள்ளிவாசல் ஊர்ப் பக்கம் இறங்கிவிட்டு மூணாறுக்கு ஏறி வாருங்கள். இறங்கும்போது உடம்பில் வியர்வை இருக்காது, துணி காய்ந்திருக்கும். வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் படி ஏறி இறங்கிவிட்டுக் கிளம்பினால் கையிலும் ரத்த ஓட்டம் இருக்கும். திரும்பும் வழி முழுக்க ஏற்றம், சூடாகவே வீடு வந்து சேருவீர்கள். அப்போதும் கையுறை வேண்டும். மலைச்சாலையில் சைக்கிள் ஓட்டும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இந்த ஒன்றைத்தான்: குளிர்காலத்தில் இறக்கம் முதலில், ஏற்றம் கடைசியில்.

அடுத்தது நேரம். நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது ஒரு நாளின் மிகக் குளிரான வேளை. நள்ளிரவுதான் அதிகக் குளிர் என்று பலர் நினைக்கிறார்கள். மேகமில்லாத இரவில் தரை விடிய விடியச் சூட்டை வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கிறது. சூரியன் உதிக்கும் நேரத்தில்தான் வெப்பநிலை அடிமட்டத்தைத் தொடும். ஜனவரியில் மூணாறில் சூரியன் எழவே ஏறக்குறைய ஆறே முக்கால் ஆகிறது. ஐந்தரைக்குக் கிளம்பி ஏழுக்குத் திரும்புகிறவர் அந்த அடிமட்டத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்கிறார். போதாததற்கு இருட்டு, மூடுபனி, அந்த நேரத்தில் சாலையைக் கடக்கும் யானையும் காட்டுமாடும். இதில் நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

எட்டு மணிக்கு மேல் போகலாம் என்றால் ஆபீஸ் போக வேண்டியவரால் முடியாது, தெரியும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை வேலை நாட்களில் சாயங்காலம் ஓட்டுங்கள். நாலரைக்குக் கிளம்பி ஆறுக்குள் திரும்பிவிடலாம். அந்த நேரத்துக் காற்று மூணாறில் சைக்கிளுக்கென்றே படைத்தது போல இருக்கும். இருட்டும்வரை நீட்ட வேண்டாம், அதுவும் யானை நேரம்.

வெப்பமானி காட்டும் எண்ணைப் பற்றியும் ஒன்று. அது உங்கள் வாசலின் குளிர், சாலையின் குளிர் அல்ல. அசையாத இரவில் குளிர்ந்த காற்று கனத்துப்போய், தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கும் லயத்தில் 5 இருக்கும்போது, கீழே ஓடையோரப் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வெப்பமானி மூன்று டிகிரி காட்டும்போதுகூடப் புல்லில் பனி உறைந்திருப்பது இதனால்தான், தரை காற்றைவிட முன்னதாகக் குளிர்ந்துவிடுகிறது. செல்போனில் காட்டும் எண் இதையெல்லாம் அறியாது.

எஸ்டேட்டில் இருப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. பனி விழுந்த மறுநாள் வெயில் பட்டதும் எந்தெந்தப் பாத்தியில் கொழுந்து கருகிப் பழுப்பாகிறது என்று உங்களுக்குத் தெரியும். வருடா வருடம் பெரும்பாலும் அதே இடங்கள்தான். அந்தக் கருகல்தான் குளிர்காற்று தேங்கும் பள்ளங்களின் வரைபடம். உங்கள் சாலை அப்படி ஒரு பாத்தியை ஒட்டி வளைந்தால், அங்கே வாசலில் இருப்பதைவிட மூன்று நாலு டிகிரி குறைவாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாலமோ, பாறையிலிருந்து ஊறி வழியும் தண்ணீரோ இருந்தால் மெதுவாகப் போங்கள். பாலத்துக்கு அடியிலும் காற்று போவதால் அது மற்ற சாலையைவிடச் சீக்கிரம் குளிரும். புல்லில் வெள்ளை தெரிகிற காலையில், எண் எதுவாக இருந்தாலும், வெயில் வரும்வரை இறக்கத்தில் ஓட்டாதீர்கள். செண்டுவாரை, கன்னிமலை பக்கம் இருப்பவர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன்.

உடை விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. உள்ளே பருத்தி பனியன் மட்டும் வேண்டாம், அது வியர்வையைக் குடித்துக்கொண்டு நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணி சூட்டை இழுக்கும் வேகம் காய்ந்த துணியோடு ஒப்பிடவே முடியாதது. பாலியெஸ்டர் டீ சர்ட், மேலே காற்றுப் புகாத விண்ட்சீட்டர், காதை மூடும் குல்லா, அதன்மேல் ஹெல்மெட். முடிந்தால் பையில் இன்னொரு காய்ந்த டீ சர்ட் வைத்திருந்து மேலே போனதும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்றும் கையில் இல்லாத நாளில் பழைய தினசரி ஒன்றை மடித்து, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு இறங்குங்கள். ஐரோப்பாவில் மலைப்பந்தயம் ஓட்டியவர்கள் பல காலம் செய்தது இது. நன்றாக வேலை செய்கிறது.

ஈரம் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ஜனவரியில் பயப்படுகிறவர்கள் ஜூலையில் பயப்படுவதில்லை. என் அனுபவத்தில் தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டு 15 டிகிரியில் நீண்ட இறக்கம் இறங்குவது, ஜனவரியின் காய்ந்த 8 டிகிரியைவிட மோசம். உடம்பின் உள் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே போவதுதான் உண்மையான ஆபத்து, அது நனைந்த உடம்புக்குச் சீக்கிரம் நடக்கும். முதலில் நடுக்கம். பிறகு பேச்சு குழறும், கை தடுமாறும், சரியாக முடிவெடுக்க வராது. நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடாகாமலேயே நடுக்கம் நின்றுவிட்டால் அது நல்ல அறிகுறி அல்ல, உடனே ஆஸ்பத்திரி. குளிருக்கு இதமாக இருக்கும் என்று பிராந்தி கொடுக்கக் கூடாது. அது தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து சூடு ஏறியது போலக் காட்டும். உள்ளே இருக்கும் சூடு அந்த வழியாகத்தான் வெளியேறும்.

இப்போது உங்கள் சர்க்கரை. எட்டு மாதத்தில் 7 கிலோ என்பது பெரிய காரியம், அதைக் குளிருக்காக விட்டுவிடாதீர்கள். ஆனால் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, கால். சர்க்கரை நாள்பட்டால் பாதத்தின் உணர்ச்சி குறையலாம். அப்போது கால் குளிர்ந்ததே தெரியாது. நைலான் இழையைப் பாதத்தில் அழுத்திப் பார்க்கும் ஒரு எளிய சோதனை இருக்கிறது, அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அடுப்பு முன்னால் காலை நீட்டிக் காயவைக்கும் பழக்கம் மலையில் எல்லோருக்கும் உண்டு. உங்களுக்கு வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலில் தீக்காயம் பட்டு, மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டவர்களுக்கு மாதக்கணக்கில் கட்டுப் போட்டிருக்கிறேன். காய்ந்த கம்பளிக் காலுறை போதும். கால்விரல் சிவந்து வீங்கி அரித்தால் அது குளிரும் ஈரமும் சேர்ந்து செய்வது. சொறியாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டு, என்ன மாத்திரை என்பதை நீங்கள் எழுதவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் கவலை குறைவு. கிளிமெபிரைடு போன்றது சேர்ந்திருந்தால், வெறும் வயிற்றில் மலை ஏறும்போது சர்க்கரை திடீரென்று குறையலாம். அந்த நடுக்கமும் குளிர் நடுக்கமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதனால் சந்தேகம் வந்தால் குளிர் என்று நினைக்காமல் சர்க்கரை குறைந்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ ஒரு பொட்டலத்தில் எப்போதும் பையில் இருக்கட்டும், நல்ல மறையூர் வெல்லத் துண்டும் ஆகும். கடலை மிட்டாய் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். குளுக்கோமீட்டரைக் கையோடு கொண்டு போனால் சட்டைக்கு உள்ளே வையுங்கள், 10 டிகிரிக்குக் கீழே பல கருவிகள் சரியாகக் காட்டாது.

மூன்று, நெஞ்சு. குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, ஏற்றம் இதயத்தின் வேலையைக் கூட்டுகிறது. 47 வயது, சர்க்கரை, இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஒரு முறை ஈ.சி.ஜி.யும் டாக்டர் சொன்னால் டிரெட்மில் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு சில சமயம் வலியில்லாமல் வெறும் மூச்சிரைப்பாக வரும். வழக்கமாக ஏறும் ஏற்றத்தில் ஒருநாள் காரணமில்லாமல் மூச்சு வாங்கினால், குளிர்மேல் பழி போட்டுவிட்டுத் தொடராதீர்கள்.

கடைசியாக உங்கள் மகள். உங்கள் மனைவி கவனித்தது சரி, அதன் பெயர்தான் வேறாக இருக்கலாம். குளிர்காற்று சளியை உண்டாக்குவதில்லை, கிருமிதான் உண்டாக்குகிறது. சைக்கிளில் போகும்போது மூக்கு ஒழுகுவது எல்லோருக்கும் வரும், அது நோயல்ல. ஆனால் ஓட்டி முடித்து வீட்டுக்கு வந்த பிறகு வரும் இருமல், கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும் இருமல், அதை நான் லேசாக விடமாட்டேன். உழைப்பினால் மூச்சுக்குழாய் சுருங்கும் ஒருவகை ஆஸ்துமாவாக இருக்கலாம். 37 டிகிரி சூட்டில் ஈரமாக இருக்கும் நுரையீரலுக்கு ஒரு கனமீட்டர் காற்றில் ஏறக்குறைய 44 கிராம் நீராவி தேவை. பூஜ்ஜிய டிகிரிக் காற்றில், மூடுபனி நிறைந்த காலையிலும், சுமார் 5 கிராம்தான் இருக்கும். மீதியை மூச்சுக்குழாயின் உள்தோல் கொடுத்தாக வேண்டும். வாயைத் திறந்து வேகமாக மூச்சுவிட்டுக்கொண்டு ஏறும் பிள்ளைக்கு அந்த உள்தோல் காய்ந்துபோய், சிலருக்குக் குழாய் சுருங்கிவிடுகிறது. பெரும்பாலும் நின்ற சில நிமிடங்களில் இருமல் தொடங்கி, அரை மணி ஒரு மணியில் அடங்கும். அதனால்தான் வீட்டில் இருப்பவர்கள் இதைச் சளி என்று நினைத்துக் கஷாயம் கொடுத்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

அவளை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஓடவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்ப்பது இன்னும் தெளிவாகக் காட்டும். ஆஸ்துமா என்று தெரிந்தால் சைக்கிளை நிறுத்த வேண்டியதில்லை. கிளம்புவதற்குக் கால் மணி முன் எடுத்துக்கொள்ள சால்புட்டமால் இன்ஹேலர் தருவார்கள், தேவைப்பட்டால் தினமும் எடுக்கும் மருந்தும் தருவார்கள். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற பயம் எங்கள் பக்கத்திலும் நிறைய இருக்கிறது. உறிஞ்சும் மருந்து மாத்திரையைவிடக் குறைந்த அளவில், நேராகப் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. பெண்பிள்ளை என்பதால் அதை மறைத்து வைக்கவும் வேண்டாம், பள்ளிக்கூடப் பையிலேயே இருக்கட்டும்.

சோதனை முடியும்வரை அவளுக்கான எண் 10. அதற்குக் கீழே அவள் வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஆபீஸ் இல்லை, ஒன்பது மணிக்குக் கிளம்புங்கள். மூக்கையும் வாயையும் மூடி மப்ளரைச் சுற்றிக்கொள்ளட்டும், அவள் விட்ட மூச்சின் ஈரமே அடுத்த மூச்சை நனைத்துக் கொடுக்கும். முதல் பத்து நிமிடம் பேசிக்கொண்டே போகும் வேகத்தில் போங்கள், ஏற்றத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நெஞ்சில் விசில் சத்தமோ, பேச முடியாத மூச்சிரைப்போ வந்தால் அங்கேயே நிறுத்தி, ஜீப்போ ஆட்டோவோ பிடித்து இறங்கிவிடுங்கள். சைக்கிளைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.